சாதிக்காயைக் கொடியில் ஏற்றிய தீவு

உலக நாடுகளின் கொடிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போர் அவற்றில் சிங்கத்தையும் கழுகையும் பிறையையும் விண்மீனையும் காண்பர். ஆனால், நம் வீட்டு மூதாட்டியர் கைப்பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்கும்போது உரைகல்லில் இரண்டு இழைப்பு இழைத்துவிட்டு மீண்டும் டப்பாவில் இட்டு மூடிவைக்கும் சாதிக்காயைத் தன் கொடியில் பொறித்துக்கொண்ட நாடு ஒன்றே. அது கரிபியன் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாக் கரைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடக்கே கிடக்கும் கிரெனடா. தன்னைச் சார்ந்த கரியாக்கூ, பெட்டி மார்ட்டினிக் என்னும் சிறு தீவுகளையும் சேர்த்து அதன் பரப்பு 344 சதுரக் கிலோமீட்டர். சிங்கப்பூரில் பாதிக்கும் சற்றுக் குறைவு. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அது விடுதலை பெற்றபோது ஏற்றிய கொடியில், கொடிமரத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்தினுள் பிளந்த சாதிக்காய் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கின்றது.

ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரத்தோடு இத்தீவை மயங்கிக்கொள்வோர் உண்டு. தீவினர் தம் ஊர்ப்பெயரைக் ‘கிரெனேடா’ என இடையில் நீட்டியே ஒலிப்பர்; வந்தவர் வேறாக ஒலித்தால் புன்முறுவலோடு திருத்துவர். பலுக்கலைத் திருத்தும் மக்களை ஓர் ஆசிரியனுக்குப் பிடிக்காமற் போகுமா? நம் நாளிதழ்களில் வழங்கிவரும் வடிவத்தையே நான் ஈண்டுக் கையாளுகின்றேன் என்பதற்கு அவர்கள் என்னைப் பொறுப்பார்களாக.

2012ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வேலைபார்த்து வந்த என் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்து இத்தீவுக்கு ஒரு வாரம் போய்வரும் வாய்ப்புக் கிட்டியது. கடற்கரையில் படுத்துக் கிடப்பதற்காகவே பலரும் அங்குச் செல்கின்றனர். கிராண்டு ஆன்சு என்னும் வெண்மணற் கடற்கரையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும், கடற்கரை எந்நாட்டிலும் உண்டு. சாதிக்காய் ஓடுகளைக் கொட்டிப் பாவிய நடைபாதையில் காலடியில் அவை நொறுங்கும் ஓசை கேட்க நடக்கும் இன்பம் எந்நாட்டிலும் கிட்டுவதன்று. நாம் செங்கற்பொடியோ சரளையோ இடும் இடத்தில் அவர்கள் சாதிக்காய் ஓட்டை இடுகின்றனர்.

தலைநகரின் பெயர் செயின்ட் சார்ச்சசு. குதிரைக் குளம்பு வடிவில் வளைந்து உள்வாங்கிய துறைமுகமும், அதனைச் சுற்றிப் படிப்படியாக மலைமேல் ஏறும் செம்மையான ஓட்டுக் கூரைகளும் உடைய அந்நகரைக் கரிபியன் தீவுகளிலேயே அழகு மிக்கது எனப் பலர் பாராட்டியுள்ளனர். நான் பிற தீவுகளைக் கண்டதில்லையாதலின் ஒப்பிட்டுச் சொல்ல இயலாது. துறைமுகத்து ஓரச்சாலைக்குக் கரேனாழ் என்று பெயர். கப்பலைச் சாய்த்து அடிப்புறத்தைச் செப்பனிடும் இடம் என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். அங்கு நீரை நோக்கிக் கைகளை உயர்த்தி நிற்கும் இயேசுவின் வெண்கல உருவம் ஒன்று உண்டு. 1961 அக்டோபரில் ‘பியாங்கா சி’ என்னும் இத்தாலிய உல்லாசக் கப்பல் இத்துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றியபோது, தீவு மக்கள் தம் மீன்பிடி படகுகளை ஓட்டிச் சென்று ஏறத்தாழ 700 பேரைக் கரைசேர்த்தனர். அந்நன்றிக்காகக் கப்பல் நிறுவனத்தார் அளித்த சிலை அது.

நகருக்கு மேலே இரண்டு கோட்டைகள் உள்ளன. துறைமுக வாயிலில் நிற்பது பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சார்ச்சுக் கோட்டை. 1983 அக்டோபர் 19ஆம் நாள் தலைமையமைச்சர் மாரிசு பிசப்பும் அவருடைய துணைவர் சிலரும் இதன் முற்றத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை தீவில் இறங்கிற்று. மற்றொன்று மலை உச்சியில் உள்ள பிரெடெரிக்குக் கோட்டை. இதன் பீரங்கிகள் கடலை நோக்கா. நாட்டின் உட்புறத்தை நோக்கும். 1779இல் பிரெஞ்சுக்காரர் தரைவழியாகப் பின்புறத்திலிருந்து மலையேறி வந்து ஆங்கிலேயரிடமிருந்து நகரைப் பிடித்தனர். தாம் வந்த வழியே பிறரும் வருவர் என்ற அச்சத்தால் அவ்வாறு கட்டத் தொடங்கினர் போலும். சிங்கப்பூரின் கடலரண்களைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகள் எனக்கு அப்போது நினைவுக்கு வராமல் இல்லை.

கொலம்பசு இத்தீவைக் கண்டது 1498இல். கண்டாரேயன்றி இறங்கினாரல்லர். இங்கு வாழ்ந்த கலினாகோ மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எவரையும் நிலையாகக் குடியேற விடவில்லை. 1649இல் மார்ட்டினிக் தீவின் ஆளுநரான டு பார்க்கே என்னும் பிரெஞ்சுக்காரர் கத்தி, பாசிமணி, சாராயம் முதலியவற்றைக் கொடுத்துக் காலூன்ற இடம் பெற்றார். விரைவிலேயே போர் மூண்டது. வடமுனையில் ஒரு செங்குத்தான பாறை உளது. துப்பாக்கிக்குமுன் நிற்க இயலாத கலினாகோ மக்களுள் எஞ்சிய சிலர், பிடிபடுவதினும் சாவதே மேல் எனத் துணிந்து அதிலிருந்து கடலில் குதித்து மாண்டனர். அவ்வூருக்குப் பிரெஞ்சுக்காரரே ‘சோட்டர்சு’ எனப் பெயரிட்டனர். குதித்தவர்கள் என்பது பொருள். கொன்றவர்கள் இட்ட பெயர் மாண்டவர்களுக்கு நினைவுச்சின்னமாய் நிற்பது வரலாற்றில் காணும் புதுமைகளுள் ஒன்று. இன்று அப்பாறைமேல் நின்றால் எதிரே சிறுசிறு தீவுகள் நீலநீரில் மிதப்பது தெரியும். மிகவும் அழகிய காட்சிதான். ஆனால் அங்கு அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை.

இனிச் சாதிக்காய்க்கு வருவோம். இத்தீவின் பெருமைக்கு அடிப்படை அது என்றாலும், இம்மண்ணுக்கு உரியதன்று. நம் பக்கத்து மரம் அது. உலகில் வேறெங்கும் இயற்கையாக விளையாமல், இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே பண்டா என்னும் ஒரு பிடித் தீவுகளில் மட்டும் விளைந்து வந்தது. அங்கிருந்து கைமாறிக் கைமாறி நம் துறைகளுக்கும் வந்தது. தாம்பூலத்தோடு சேர்க்கும் ஐவகை வாசத்துள் சாதிக்காயும் ஒன்று எனத் தமிழாசிரியர்கள் பாடம் சொல்லியிருப்பர். ஏலம், இலவங்கம், தக்கோலம், கருப்பூரம் என்பன ஏனைய நான்கு. எங்கு விளைவது என்றறியாமலே நம் முன்னோர் வாயில் இட்டு மணக்கச் செய்த பொருள் அது.

எங்கு விளைகின்றது என்று ஐரோப்பியர் அறிந்ததே அம்மக்களுக்குக் கேடாய் முடிந்தது. 1621இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் குழுமத்தின் தலைமை ஆளுநர் கூன் என்பவர் படையோடு பண்டாவில் இறங்கினார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் மிகச் சிலரே எஞ்சினர்; மற்றையோர் வாளுக்கும் பசிக்கும் இரையாயினர், அல்லது அடிமைகளாய் ஏற்றிச் செல்லப்பட்டனர், அல்லது தப்பியோடினர். ஆளற்றுப்போன சாதிக்காய்த் தோப்புகளை 68 கூறுகளாக்கி ஒல்லாந்தியருக்கே பங்கிட்டு, வெளியிலிருந்து அடிமைகளைக் கொணர்ந்து வேலை வாங்கினர். விற்கும் காய் ஒன்றேனும் வேறிடத்தில் முளைத்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பில் தோய்த்தே அனுப்பினர். பண்டாவைச் சேர்ந்த ரன் என்னும் சிறு தீவைத் தமதென வழக்காடிய ஆங்கிலேயர், 1667ஆம் ஆண்டுப் பிரேடா உடன்படிக்கையில் அதனை விட்டுக்கொடுத்து, தாம் பிடித்திருந்த மன்காட்டனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அன்றைய மதிப்பில் இலாபம் அடைந்தவர் ஒல்லாந்தியரே.

காவல் எவ்வளவு இருந்தாலும் விதை தப்பாமல் இராது. 1770இல் பிரெஞ்சுக்காரர் கன்றுகளைக் களவாய்க் கொண்டுபோய் மொரீசில் நட்டனர். இதனை முன்னின்று நடத்தியவரின் பெயர் பியேர் புவாவர். புவாவர் என்றால் அவர்கள் மொழியில் மிளகு. பெயர்ப்பொருத்தம் இதனினும் வேண்டுமோ? பின்னர் நெப்போலியன் காலப் போர்களில் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து கன்றுகள் பினாங்குக்கும் பெங்கூலனுக்கும் இலங்கைக்கும் சென்றன. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் காலூன்றிய 1819ஆம் ஆண்டிலேயே, இராபிள்சு பெங்கூலனிலிருந்து தருவித்த சாதிக்காய் அரசாங்கக் குன்றின் சரிவில், இன்றைய கானிங் கோட்டையில், நடப்பட்டது.

அதன்பின் சிங்கப்பூரில் நிகழ்ந்ததை இங்குச் சற்றே நினைவுகூர வேண்டும். கிரெனடாவின் கதை அதனோடு பின்னிக் கிடக்கின்றது. 1830களிலும் 1840களிலும் இங்குக் கையில் காசுள்ள வெள்ளையர் பலர் சாதிக்காய்ப் பித்துக் கொண்டனர். ஆக்சிலி என்னும் அரசாங்க மருத்துவர் பெருந்தோட்டம் வைத்ததோடு, 1848இல் அப்பயிரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆக்சிலி சாலை, எமரால்டு குன்று, கேர்ன்குன்று ஆகியவை அன்று சாதிக்காய்த் தோட்டங்கள். இன்று நாம் பண்டிகைத் துணி வாங்கப் போகும் ஆர்ச்சர்ட் சாலையின் பெயரே அத்தோப்புகளின் எச்சம். 1850களில் நோய் விழுந்தது. மரங்கள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தன. எருவுக்கும் கூலிக்கும் கொட்டிய பணம் திரும்பவில்லை. பத்தாண்டுக்குள் தோட்டங்கள் பாழாயின. உரிமையாளர்கள் நிலத்தை வீட்டுமனைகளாக விற்றனர். வேறு தொழிலுக்குப் போயினர். பினாங்கிலும் பெருந்தோட்டங்கள் அவ்வாறே வீழ்ந்தன. பாலிக் புலாவ் பக்கத்தில் எஞ்சிய மரங்களின் பயனாகத்தான் நாம் இன்றும் ‘பாலா’ப் பழநீர் குடிக்கின்றோம்.

இங்கு அது சாகத் தொடங்கிய காலத்தில்தான் அங்கு அது வேரூன்றியது. கிரெனடாவுக்குச் சாதிக்காய் வந்த ஆண்டு 1843 என்பர். கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற வணிகக் கப்பலொன்று இடையில் தங்கியபோது சில கன்றுகளை விட்டுச்சென்றது என்பது ஒரு செவிவழிச் செய்தி. கரும்பாலை நுட்பம் அறிந்தவராய்க் கீழ்த்திசைக்கு அழைக்கப்பட்ட தோட்டக்காரர் திரும்புகையில் கொணர்ந்தனர் என்பது இன்னொன்று. எதுவாயினும் ஆகுக. அவ்வேளை அத்தீவின் நிலைமை யாது என்பதே நமக்கு வேண்டுவது.

நூற்றாண்டுக்கு மேலாகக் கிரெனடா கரும்புத் தீவாய் இருந்தது. கரும்பென்றால் அடிமை என்று பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மக்களின் உழைப்பில் பிரெஞ்சுக்காரரும், 1763க்குப்பின் ஆங்கிலேயரும் செல்வம் கொழித்தனர். 1795இல் சூலியன் பெடோன் என்னும் கலப்பினத்தவர் ஒருவர் மலைமீதிருந்த தம் பெல்விடியர் தோட்டத்தில் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். அடிமைகள் ஆயிரக்கணக்கில் அவருடன் சேர்ந்தனர். ஓராண்டுக்கு மேலாகத் தலைநகர் நீங்கலாக ஏறக்குறையத் தீவு முழுவதும் அவர் கையில் இருந்தது. 1796இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பெடோன் மட்டும் பிடிபடவில்லை. எங்குச் சென்றார், எவ்வாறு மாண்டார் என்பது எவருக்கும் தெரியாது. காட்டுவழியே அவர் முகாமிருந்த மலைக்கு ஏறுவோர் உண்டு. என் முழங்கால் அதற்கு இசையவில்லை. கீழே நின்று முகில் மூடிய அவ்வுச்சியைப் பார்த்ததோடு அமைந்தேன்.

1834இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. பயிற்சித் தொழில் என்னும் பெயரில் தொடர்ந்த கட்டு 1838இல் அறுந்தது. விடுதலை பெற்றோர் கரும்புக்காட்டை வெறுத்தனர். கூலியில் மிச்சம் பிடித்தும், பாழ்நிலத்தைத் திருத்தியும், மலைச்சரிவில் கையகல நிலத்துக்கு உடையவராயினர். இத்தகையோருக்குக் கரும்பு பயன்படாது. ஆலை வேண்டும், மாடு வேண்டும், முதல் வேண்டும். சாதிக்காய்க்கு அவை எவையும் வேண்டா. வாழையின் நிழலிலும் கொக்கோவின் நடுவிலும் அது வளரும். ஏழெட்டாண்டு காத்திருக்கும் பொறுமை ஒன்றே அது கேட்கும் முதல். காய்க்கத் தொடங்கிவிட்டால் ஆண்டு முழுவதும் காய்க்கும். பறிக்கவும் வேண்டா. கனி பழுத்து மஞ்சளாகித் தானே வெடிக்கும். கொட்டை நிலத்தில் விழும். காலையில் சென்று பொறுக்கிக்கொள்ளலாம். பெண்டிரும் சிறுவரும் கூடையோடு மரத்தடியில் குனிந்து திரியும் காட்சியை அத்தீவில் எவ்விடத்தும் காணலாம்.

பெருந்தோட்டங்களும் அங்கு இருந்தன, இல்லையென்று சொல்லேன். ஆயினும் சாதிக்காய் நாளடைவில் சிறுகுடியானவரின் மரமாயிற்று. சிங்கப்பூரில் மரம் பட்டபோது உரியவர் நிலத்தை விற்றுப் போக முடிந்தது. கிரெனடாவில் மரம் விழுந்தபோது உரியவருக்குப் போக்கிடம் இல்லை. அதே குழியில் மறுகன்று நட்டார். நோயைத் தடுக்கும் மந்திரம் ஏழையிடம் இல்லைதான். அங்கு அந்நோய் அவ்வாறு தாக்காதது அவர்கள் பேறு. ஆனால் புயல் தாக்கியது; அதனைப் பின்னர்க் கூறுவேன்.

விளைத்தவர் ஏழை, வாங்கி விற்றவர் செல்வர் என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 1947இல் கிரெனடாச் சாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கம் சட்டத்தின்வழி தோன்றியது. தீவின் சாதிக்காயை வெளிநாட்டுக்கு விற்கும் உரிமை அச்சங்கத்துக்கே. ஒரு கூடை கொணர்ந்தாலும் நூறு மூட்டை கொணர்ந்தாலும் எடைக்கு முன்பணம் கிடைக்கும். ஆண்டிறுதியில் மிகுதியைப் பங்கிட்டுத் தருவர். பண்டாவில் படைபலத்தால் அமைந்த ஏகபோகம், முன்னாள் அடிமைகளின் பேரர்களிடம் கூட்டுறவாய் வந்து நின்றதை நான் எண்ணி எண்ணி மகிழ்ந்தேன். சங்க நடப்பைப் பற்றிக் குறைசொல்வோர் அங்கும் உளர். கூட்டுறவுச் சங்கமொன்று இருந்து அதைப்பற்றிக் குறை இல்லாத ஊர் எங்குளது?

மேற்குக் கரையில் குயாவ் என்னும் மீனவர் ஊரில் அச்சங்கத்தின் பதனிடும் நிலையம் இருக்கின்றது. தீவுக்குச் செல்வோர் வேறெதைக் காணாவிடினும் இதைக் காண வேண்டும். கடலோரத்தில் பெரிய மரக்கட்டடம். வாசலை மிதிக்குமுன்னரே மணம் எதிர்கொள்ளும். உள்ளே அடுக்கடுக்காய் மரத்தட்டுகள். அவற்றில் ஓட்டோடு கூடிய கொட்டைகளைப் பரப்பி, வெயில் படாமல், ஆறு முதல் எட்டு வாரம் உலர்த்துவர். பதம் வந்ததா என்பதைக் காதால் அறிவர்: கொட்டையைக் குலுக்கினால் உள்ளிருக்கும் பருப்பு ஓட்டிலிருந்து விலகிக் கலகலவென ஒலிக்கும். ஓட்டை உடைத்தபின் பருப்பைத் தண்ணீரில் இடுவர். கெட்டியானது மூழ்கும், சொத்தை மிதக்கும். மூழ்கியவற்றை நீண்ட மேசைகளின் இருமருங்கும் அமர்ந்த பெண்கள் கைவிரைவோடு அளவு பார்த்துப் பிரித்தனர். ஒருவர் பாட, மற்றவர் சிரிக்க, கை மட்டும் நிற்கவில்லை. கொட்டையைச் சுற்றி வலைபோல் பின்னிக் கிடக்கும் செந்நிறப் பத்திரியே சாதிபத்திரி. பறித்த அன்று அது குருதிச் சிவப்பு. இருட்டறைப் பெட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து மங்கிய மஞ்சளாகும். வாயிலருகே, செல்லும் நாட்டின் பெயர் எழுதும் தகடுகளும் மைப்பூச்சும் மூட்டைகளின் பக்கத்தில் கிடந்தன. ஒரே கனியில் இரண்டு வாசனைப்பொருள். மேற்சதையை வீணாக்காமல் பாகும் கூழும் செய்கின்றனர். பினாங்கில் நாம் உப்பிலும் சருக்கரையிலும் ஊறவைக்கும் அதே சதைதான்.

உணவைச் சொல்லாமல் விட்டால் வீட்டார் என்னை மன்னியார். ‘ஆயில் டவுன்’ என்பது அத்தீவின் தேசிய உணவு. ஈரப்பலாவையும் உப்பிட்ட இறைச்சியையும் சேம்பிலையையும் பெரிய பானையில் அடுக்கித் தேங்காய்ப்பால் ஊற்றி வற்றும்வரை வேகவைப்பர், எண்ணெய் கீழே இறங்கி நிற்கும், பெயர்க்காரணம் அதுவே. அண்டை அயலார் கூடிச் சமைத்துக் கூடி உண்பது வழக்கம். இறைச்சி நீக்கி எனக்கென ஒரு சட்டி தனியே ஏற்றினார்கள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் கேட்டேன். குங்குமப்பூ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைக் கூறினார் சமைத்த அம்மையார். இவ்வளவு விலையுயர்ந்ததையா கொட்டுகின்றீர்கள் என வியந்தேன். அவர் எடுத்துக் காட்டியது நம் விரலி மஞ்சள். ஈரப்பலாவும் வந்தேறி மரமே. பிளை என்னும் கப்பற்றலைவர் 1793இல் தாகித்தியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொணர்ந்தது, அடிமைகளுக்கு மலிவான உணவாகட்டும் என்று. கிராண்டு எட்டாங்கு ஏரிக்கரையில் நம் கைவாழைப்பழத்தைப் பறிக்கும் மோனாக் குரங்குகளும் அடிமைக் கப்பலோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. ஒருவரேனும் உள்ளூர்க்காரர் இல்லாத பந்தியில் உட்கார்ந்து உண்பது போன்றதோர் உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று.

அப்பந்தியில் நம்மவருக்கும் ஓர் இலை உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் குறைந்தபோது, தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். 1857 மே முதல் நாள் ‘மெய்டுசுடன்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 287 பேரைத் தீவின் வடகரையில் இர்வின் வளைகுடாவில் இறக்கிற்று. அடுத்த முப்பதாண்டுக்குள் வந்தோர் ஏறத்தாழ 3,200 பேர். பக்கத்துத் திரினிடாடோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. சிறு தொகையாதலால் விரைவில் கரைந்தனர். கிறித்துவத் திருச்சபைகள் பள்ளி வைத்தன, பெயர் மாறிற்று, பேசிவந்த மொழி பேரப்பிள்ளைகளின் காலத்தில் நாவைவிட்டு அகன்றது. அவ்வழி வந்த முதியவர் ஒருவரோடு சந்தைத் திடலில் பேசிக்கொண்டிருந்தேன். தம் பாட்டியார் எந்த ஊரினர், எம்மொழி பேசினார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பாட்டி உறங்க வைக்கப் பாடிய ஏதோ ஒரு பாட்டின் மெட்டு மட்டும் நினைவிருந்தது, சொற்கள் இல்லை. அதை அவர் முனகிக் காட்டினார். எந்நாட்டு மெட்டென்று எனக்குப் புலப்படவில்லை.

ஆனால் அவருடைய வீட்டு அடுப்பில் ரொட்டியும் கறியும் இருந்தன. தீவு முழுவதும் அவை இருக்கின்றன; ஆப்பிரிக்க வழியினரும் தெருக்கடையில் ரொட்டியில் கறியைச் சுருட்டி உண்கின்றனர்; சங்குச் சதையைக்கூடக் கறியாக்குகின்றனர். கறி என்பது ஆங்கிலத்தில் புகுந்த தமிழ்ச்சொல் என்றும், சங்கநூல்களில் அச்சொல்லுக்கு மிளகு என்று பொருள் என்றும் அப்பெரியவருக்குச் சொன்னேன். இரண்டுமுறை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மொழி போயிற்று, சொல் நின்றது. ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு என்னவோ தேறவில்லை.

இனிப் புயல். 1955 செப்டம்பர் 22ஆம் நாள் ‘சேனெட்டு’ என்னும் சூறாவளி இத்தீவின் சாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. மக்கள் மீண்டும் நட்டனர். பல ஆண்டு உழைத்து, இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே மிகுதியாகச் சாதிக்காய் விளைவிக்கும் இடத்தைப் பிடித்தனர். 2004 செப்டம்பர் 7ஆம் நாள் ‘ஐவன்’ வந்தது. முப்பத்தொன்பது பேர் மாண்டனர். ஓடு பறக்காத வீடு அரிதாயிற்று. சாதிக்காய் மரங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு விழுந்தன அல்லது முறிந்தன. மறு ஆண்டே ‘எமிலி’ என்னும் மற்றொரு சூறாவளி எஞ்சியதைத் தாக்கிற்று. சாதிக்காய்க்கு வேர் ஆழமன்று, பெருங்காற்றுக்கு நிற்பதில்லை. விரைவில் பலன்தரும் பயிர்களை நாடிப் பலர் சாதிக்காயைக் கைவிட்டனர். இருபதாண்டு கடந்தும் பழைய விளைச்சல் திரும்பவில்லை. 2024 சூலை முதல் நாள் ‘பெரில்’ கரியாக்கூத் தீவை உருக்குலைத்ததையும் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

குயாவிலிருந்து மலைப்பாதையில் ஏறியபோது ஒரு குடியானவரின் தோட்டத்தைக் கண்டேன். வயது எழுபதுக்கு மேல். 1955 புயலின்போது தாம் சிறுவன் என்றும், தந்தையார் நட்ட மரங்களை ஐவன் ஒரே பகலில் கிடத்தியது என்றும் கூறினார். விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே ஓராண்டுக்கு மேலாயிற்றாம். பின்னர் நூற்றுக்கும் மேலான கன்றுகளை நட்டிருந்தார். ஐந்தாண்டுக் கன்றுகள், என் தலைக்குமேல் வளர்ந்து தளதளவென்று நின்றன. இவ்வளவும் காய்க்குமா என்றேன். அவர் சிரித்தார். சாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்று எது என்பது பூக்கும்வரை தெரியாது. ஏறக்குறையப் பாதி ஆணாகவே இருக்கும். மகரந்தத்துக்குச் சிலவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிட்டு அவ்விடத்தில் மறுபடி நடவேண்டும். ஒட்டுக்கட்டிய கன்றாயின் முன்னரே அறியலாம். ஆனால் புயலுக்குப்பின் அது எளிதில் கிட்டவில்லை என்றார். இன்னும் இரண்டாண்டு பொறுத்தால் தெரிந்துவிடும் என்றார், எழுபது வயதில்.

விடைபெறும்போது பழைய மரமொன்றிலிருந்து எடுத்து உலர்த்திய ஏழெட்டுக் கொட்டைகளை ஓட்டோடு என் கையில் போட்டார். ஊர் திரும்பியதும் பேத்திக்கு உரைமருந்து இழைக்க இரண்டை உடைத்தோம். மற்றவை என் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் கிடக்கின்றன. எடுத்துக் குலுக்கினால் இன்றும் ஒலிக்கின்றன. அவருடைய கன்றுகளுள் எத்தனை பெண்ணாய்த் தேறின என்று எழுதிக் கேட்கலாமென்றால், முகவரி வாங்க மறந்துவிட்டேன்.